பரதேசியும் சுதேசியும்

சாலாக் செலாத்தானில் இரயிலேறுவோர்க்கு மூன்றாம் நிறுத்தம் கோலாலம்பூர் சென்ட்ரல். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடந்து செல்லும் தொலைவே. கோயிலும் விகாரையும் மாதாகோயிலும் அடுத்தடுத்து நிற்கும் அவ்வூரில், 1924 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ் லுத்தரன் ஆலயத்திற்குச் சீயோன் என்று பெயர். சீயோன் என்பது எருசலேம் நகரத்துக் குன்று. ஞாயிறுதோறும் அங்கே தமிழில் வாசிக்கப்பெறும் பாடங்களுள் ஒரு பகுதி பழைய ஏற்பாட்டினின்றும் எடுக்கப்படுவது. பழைய ஏற்பாடு என்னும் பெயர் கிறிஸ்தவர் இட்டது. யூதர் தம் மறையைப் பழையது என்று ஒருகாலும் ஒப்பார். எனினும் நூல் அவர்களுடையதே. ஆகவே யூதர் ஒருவரும் குடியிராத தெருவில், யூத மறை வாரந்தோறும் நம் தாய்மொழியில் ஒலிக்கின்றது. அதனைக் கேட்போரும் கேளாது அவ்வழியே செல்வோரும் இதனை எண்ணிப் பார்ப்பது அரிது.

இந்நாட்டில் யூதர் என்னும் சொல் இன்று காதில் விழுவது பெரும்பாலும் பலஸ்தீன மக்களின் துயரத்தையொட்டியே. அத்துயரத்தை நாம் சிறிதாகக் கருதவில்லை. அங்கே நிகழும் கொடுமையைத் தம் மறையின் அளவுகோலைக் கொண்டே அளந்து கண்டிக்கும் யூதரும் உளர் என்பதை மட்டும் இங்குக் கூறி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குச் செல்கின்றோம். ஒரு சமூகத்தின் மறைநூல் சமத்துவத்தைக் கூறுமாயின், அச்சமூகத்தில் தாழ்த்தப்பட்டவனுக்கு அதனால் விளையும் பயன் யாது? நூலில் நீதி எழுதப்பட்டிருந்தால் போதுமா? நம்மிடையே சீர்திருத்தம் பேசுவோர் பலர், குற்றமெல்லாம் நூலினது என்பர்; வைதிகரோ, நூல் தூயது, குற்றம் மக்களுடையது என்பர். இவ்விரு கூற்றையும் உரைத்துப் பார்ப்பதற்கு யூத மறையைவிடச் சிறந்த கட்டளைக்கல்லை நாம் கண்டிலோம். அதிலும், நமக்கு மிக அண்மையிலுள்ள கொச்சியில் அந்நூலுக்கு நேர்ந்த கதை, தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

முதலில் அந்நூலைப்பற்றிச் சில சொற்கள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்னும் மோசேயின் ஐந்து நூல்களையே யூதர் தோரா என்பர். தீர்க்கதரிசிகளின் நூல்களும், சங்கீதம் முதலிய ஏனைய எழுத்துக்களும் இதனோடு சேர, அவர்கள் கணக்கில் மறைநூல் இருபத்துநான்காகும். வழிபாட்டுக்குரிய தோராவைப் பதப்படுத்திய தோலில் இறகு எழுதுகோலால் எழுதிச் சுருளாகச் சுற்றிவைப்பர். ஓரெழுத்துக் குறையினும் அச்சுருள் வாசிப்புக்கு ஆகாது. திங்களும் வியாழனும் ஓய்வுநாளாகிய சனியும் சபை நடுவில் அது வாசிக்கப்படும். சனிக்கிழமை எழுவர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டு அச்சுருளின்முன் நிற்பர். சபை கூடுவதற்குப் பருவமெய்திய ஆடவர் பதின்மர் வேண்டும். (பெண்டிரைப் பழைய வழக்கம் இப்பதின்மருள் எண்ணுவதில்லை. இக்காலத்தில் எண்ணும் சபைகளும் உள. நம் வைதிகர் மகிழற்க.) பினாங்கில் 1929 ஆம் ஆண்டில் நாகூர் சாலையில் யூதர் ஒரு ஜெபஆலயம் திறந்தனர். காலப்போக்கில் அப்பதின்மர் சேராது போகவே, 1976 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. இன்று இந்நாட்டில் எஞ்சியிருப்பது அந்நகரத்து இடுகாடு ஒன்றே.

இவ்வாறு மறையைச் சபையில் விரித்து யாவரும் கேட்க ஓதுவதும், ஆண்மகவு ஒவ்வொன்றும் எழுத்துக் கற்று அதனை வாசிக்கவேண்டும் என்பதும் சிறிய செய்திகள் அல்ல. வேதத்தைச் செவியுற்ற சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தருமசூத்திரம் நம் நாட்டிலே பிறந்தது. மறையை மறைத்துவைத்து ஆண்ட கூட்டத்தையே கண்டு பழகிய நமக்கு, மறையைத் திறந்துவைத்த ஒரு சமயம் வியப்பளிப்பது இயல்பே. ஆனால் வியப்போடு நின்றுவிடலாகாது.

அத்தோரா அந்நியனைப்பற்றி மீண்டும் மீண்டும் பேசுகின்றது. அவனை ஒடுக்கற்க, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள் என்பதை மறவற்க என்னும் கருத்து அதில் பல இடங்களில் வருகின்றது. மண்ணிற் பிறந்தவனுக்கும் வந்து தங்கியவனுக்கும் சட்டம் ஒன்றே என்னும் கட்டளை யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும் உண்டு. இவ்வெச்சரிக்கை முப்பத்தாறு இடங்களில் உள்ளதென்றும், நாற்பத்தாறு என்பாரும் உளரென்றும் தல்மூத் கணக்கிடுகின்றது. இனி, தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் இவ்வந்நியனைக் குறிக்க ஆண்ட சொற்களுள் ஒன்று பரதேசி என்பது. அவனுக்கு எதிராக நிற்பவன் சுதேசி. வாசகர் இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

கொச்சி மட்டாஞ்சேரியில், அரசர் அரண்மனையை அடுத்து, 1568 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற யூத ஜெபஆலயம் ஒன்று உண்டு. அதன் பெயர் பரதேசி ஆலயம். ஸ்பெயின் முதலிய நாடுகளினின்றும் துரத்தப்பட்டும் வணிகம் நாடியும் வந்தேறிய யூதர் கட்டியதாதலின் அதற்கு அப்பெயர் வாய்த்தது. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மலையாளக் கரையில் வேறு யூதர் வாழ்ந்தனர். சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் கி.பி. 1000 ஆம் ஆண்டையொட்டி யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடு இன்றும் உளது. அது வட்டெழுத்தில், தமிழினின்றும் மலையாளம் முற்றும் பிரியாத காலத்து மொழியில் எழுதப்பட்டது. பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடைபாவாடை, முரசு, தோரணம் என எழுபத்திரண்டு உரிமைகள் அதிற் கூறப்படும். இப்பட்டியலைப் படிக்கும் தமிழனுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. கோயில் வாயிலில் முதல் மரியாதைக்கும் பரிவட்டத்திற்கும் நடக்கும் பூசலை அறியாதார் நம்முள் யார்?

எகிப்தில் தாம் அடிமைகளாயிருந்ததைத் தோரா அவர்களுக்கு நினைவூட்டியது. சேரநாட்டில் தாம் குடையும் பல்லக்கும் பெற்றதைச் செப்பேடு நினைவூட்டியது. ஒன்று மறை, மற்றொன்று மானியம். சாதி மிகுந்த நாட்டில் மானமாக வாழ வேண்டுமாயின் நாமும் ஒரு சாதியாக வேண்டும் என்று அவர்கள் எண்ணினர் போலும். முன்னரே இருந்தோரைக் கறுப்பு யூதர் என்றும், பின் வந்த பரதேசிகளை வெள்ளை யூதர் என்றும் உலகம் அழைக்கலாயிற்று. யோசேப்பு இரப்பான் எம் முன்னோன் என்று இருசாராரும் வழக்காடினர். பரதேசிகள் முன்னவரோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். இவ்விரு சாராரிடத்தும் அடிமைகளாயிருந்து யூத சமயத்திற் சேர்ந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தோர் வேறு இருந்தனர். எபிரேய மொழியில் இவர்களுக்கு மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று பெயர். தலைமுறை பல கடந்தும் விடுவிக்கப்பட்டோர் என்றே ஒருவனை அழைப்பது எத்தகைய விடுதலையோ அறியோம்.

பரதேசி ஆலயத்தில் இவர்கள் நிலை யாது? உள்ளே இருக்கைகளில் அமரலாகாது. வாயிலையடுத்த முன்மண்டபத்திலே தரையில் இருத்தல் வேண்டும். தோரா வாசிப்புக்கு அழைக்கப்படார். மணவுறவு இல்லை. இறந்தால் இடுகாட்டிலும் இடமில்லை. அதே காலத்தில், திருவிதாங்கூர் மன்னர் 1805 ஆம் ஆண்டில் அளித்த பொன்முடி ஒன்று அவ்வாலயத்துத் தோராச் சுருளின் தலைமேல் விளங்கிற்று. அந்நியனுக்கும் சட்டம் ஒன்றே என்று எழுதிய தோல் பொன்முடி தரித்து உள்ளே இருந்தது. அதனை நம்பியவன் வாயிலில் இருந்தான்.

மறை அறியாமையால் நிகழ்ந்த பிழை இது என்று சமாதானம் கூறவும் வழியில்லை. 16 ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோ நகரத்துக்கு ஒரு வினா விடுக்கப்பட்டது. அந்நாளில் அங்கே யூத நெறிநூற் பேரறிஞராக விளங்கியவர் ரப்பி தாவீது இப்னு சிம்ரா என்பார். அவரும் 1492 ஆம் ஆண்டில் ஸ்பெயினினின்றும் துரத்தப்பட்டவர். தூயகுலத்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் சிறுபான்மையோர், செல்வமும் பக்தியும் ஈகையுமுடைய பெரும்பான்மையோரை அடிமை மரபினர் எனத் தள்ளி அவர்களோடு மணஞ்செய்ய மறுக்கின்றனர், இதனால் பூசல் ஓயவில்லை, முறை யாது? என்பது வினா. அவர் விடை ஐயத்திற்கிடமின்றி வந்தது. முறைப்படி நீராடிச் சமயத்தை ஏற்றபின் அவர்கள் முழு யூதரே. மணவுறவு கொள்ளத் தடை யாதொன்றுமில்லை. பின்னர் அலெக்சாந்திரியா நகரத்து ரப்பி யாக்கோபு காஸ்திரோவும் அவ்வாறே தீர்ப்பளித்தார். நூல் தெளிவு, உரை தெளிவு, தீர்ப்பும் தெளிவு. கொச்சியிலோ முந்நூறு, நானூறு ஆண்டுகள் ஒன்றும் அசையவில்லை. கடிதத்தைப் படித்தவர் மடித்து வைத்தனர்.

அக்கடிதத்தை மீண்டும் விரித்தவர் என்று ஆபிரகாம் பராக் சேலம் அவர்களைக் கூறலாம். 1882 ஆம் ஆண்டில் அவ்விடுவிக்கப்பட்டோர் குடும்பத்திற் பிறந்து, சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டசபையில் அங்கம் வகித்தவர். 1929 ஆம் ஆண்டு லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர். நீதிமன்றத்தில் எவர்க்காகவும் எழுந்து வாதாடும் உரிமையுடைய அவர், தம் ஆண்டவன் ஆலயத்திலே இருக்கையில் அமரும் உரிமையின்றி நின்றார். அருகிலே வைக்கத்தில் 1924 ஆம் ஆண்டில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போர் மூண்டதும், அதில் ஈ.வெ.ரா. சிறைப்பட்டதும் வாசகர் அறிந்தவை. சேலம் அவர்கள் அம்முறையையே ஜெபஆலயத்துள் கொண்டு சென்றார். தம் மைந்தர்களோடு உள்ளே புகுந்து, விலக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தார். யூத காந்தி என்று பின்னர் அவரை அழைக்கலாயினர். நெடுங்காலப் போராட்டத்தின் பின் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தோரா வாசிப்புக்கு அவர் வழியினரும் அழைக்கப்பட்டனர். மணத்தடையே இறுதிவரை இறுகி நின்றது. அவர் மைந்தர் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை 1950 ஆம் ஆண்டில் மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடைபெறவில்லை, பம்பாயில் நடைபெற்றது. சேலம் 1967 ஆம் ஆண்டில் கொச்சியிலேயே காலமானார்.

இங்கே நாம் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். சேலம் அவர்கள் வென்றது நூலினாலா, நூலையும் மீறியா? நூலே வென்றிருக்குமாயின் கெய்ரோவிலிருந்து விடை வந்த அன்றே வென்றிருக்கும். ஆகவே, மறையில் சமத்துவம் இருக்கின்றது, காலம் வந்தால் தானே மலரும் என்று கூறும் சாந்தமூர்த்திகளுக்குக் கொச்சி தரும் விடை நானூறு ஆண்டு. ஆயினும் நூல் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் பொருந்தாது. தாழ்த்தப்பட்டோர் எழுத்தறிந்திருந்தனர், தம்மைத் தள்ளுவது தம் மறைக்கே மாறு என்பதை எடுத்துக்காட்ட அவர்களால் முடிந்தது. எனக்கு இரங்குக என்று அவர்கள் கெஞ்சவில்லை. உமது நூலை வாசித்துக் காட்டுக என்று கேட்டனர். இரங்கச் சொல்பவனை விரட்டலாம்; வாசிக்கச் சொல்பவனை விரட்டுவது கடினம்.

தல்மூத் என்னும் பெருநூலில் பாபா மெத்சியா என்றொரு பகுதி உண்டு. அதன் ஐம்பத்தொன்பதாம் ஏட்டில் ஒரு கதை வருகின்றது. ஓர் அடுப்பின் தூய்மையைப்பற்றி ரப்பி எலியேசர் ஒருபுறமும் ஏனைய அறிஞரெல்லாம் மறுபுறமும் நின்று வாதிட்டனர். தம் கட்சியே சரியென்பதற்குச் சான்றாக எலியேசர் ஒரு மரத்தைப் பெயர்ந்து செல்லச் செய்தார். வாய்க்காலை மேல்நோக்கி ஓடச் செய்தார். கல்விக்கூடத்துச் சுவரைச் சாயச் செய்தார். ஈற்றில் வானொலியே எழுந்து அவர் பக்கம் பேசிற்று. உடனே ரப்பி யோசுவா எழுந்து நின்று, மறை இப்பொழுது வானத்தில் இல்லை, எம் கையில் தரப்பட்டுவிட்டது, ஆகவே பெரும்பான்மையோர் ஆராய்ந்து கண்டதே தீர்ப்பு என்று உரைத்தார். கடவுள் கேட்டு நகைத்து, என் மக்கள் என்னை வென்றனர் என்றாராம். அற்புதத்தையும் அசரீரியையும் ஒதுக்கி ஆராய்ச்சியை அரியணை ஏற்றும் இக்கதையைப் படித்த நம் பகுத்தறிவாளர் கைகொட்டுவர். நாமும் முதலில் அதையே செய்தோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தோற்ற எலியேசரைச் சபை விலக்கிவைத்தது. அவர் தரையில் அமர்ந்து அழுதார். அக்கண்ணீரால் உலகில் விளைச்சலும் கெட்டது என்று அந்நூலே கூறுகின்றது. இக்கதை இடம்பெற்றிருப்பதும் சட்டம் இயற்றும் முறையைக் கூறும் பகுதியில் அன்று. சொல்லினால் ஒருவனை நோகச்செய்தல் குற்றம் என்பதை விளக்கும் பகுதியில். அந்நியனைப்பற்றிய எச்சரிக்கை முப்பத்தாறு என்னும் கணக்கும் அதே ஏட்டிலேயே வருகின்றது. சரியான தீர்ப்பை அளித்தவரும் ஒருவனைத் தரையில் உட்காரவைத்தமைக்கு விடை கூறியாக வேண்டும் என்பதே அவ்வேட்டைத் தொகுத்தோர் கருத்து என நாம் கொள்கின்றோம். கொச்சியில் தரையில் இருந்தவனை நினைத்து இவ்வேட்டைப் படிக்குங்கால் நமக்கு உடல் சிலிர்க்கின்றது.

நூலைப் போற்றிவிட்டோம், அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. அந்நியனிடத்து அன்பு கூறும் அதே லேவியராகமம், அயலினத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்தாக விட்டுச்செல்ல இடந்தருகின்றது. விடுவிக்கப்பட்டோர் என்றொரு பிரிவு தோன்றியதே அடிமை என்றொருவன் இருந்தமையால்தானே? மோவாபியர் பத்துத் தலைமுறையாயினும் சபையிற் சேரலாகாது என்று உபாகமம் விதிக்கின்றது. ஆயின் தாவீது அரசனின் பாட்டனைப் பெற்றெடுத்த ரூத் யார்? மோவாபியப் பெண். இம்முரணைக் கண்ட ரப்பிகள், தடை மோவாபிய ஆடவர்க்கே, பெண்டிர்க்கன்று என்று உரைகண்டு வாயிலைத் திறந்தனர். இலக்கண வித்தையே என்று நகைப்பார் நகைக்கட்டும். திறப்பதற்கு வித்தை செய்தவர்களை நாம் குறைகூறோம். மூடுவதற்கு வித்தை செய்தவர்களையே நாம் மிகுதியும் கண்டிருக்கின்றோம். தரங்கம்பாடிக்கு 1706 ஆம் ஆண்டில் வந்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, அந்த ரூத்தின் நூல்வரை வந்து 1719 ஆம் ஆண்டில் மறைந்தார். எஞ்சியதைப் பின்வந்தோர் முடித்தனர்.

அவ்வாறு தமிழில் வந்த அதே நூலைக் கையிலேந்திய நம் கிறிஸ்தவர் செய்ததென்ன? தஞ்சையிலும் திருச்சியிலும் ஆலயத்துள் வேளாளர்க்கு ஓரிடம், ஆதிதிராவிடர்க்கு வேறிடம். 1833 ஆம் ஆண்டில் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை ஆலயத்தினின்றும் ஒழிக்க ஆணையிட்டபோது, இடத்தை விட்டுக்கொடுப்பதினும் சபையை விட்டுப்போவது மேல் என்று வெளியேறியோர் பலர். அதற்கு முன்னரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் சாதியமைப்புக்குச் சார்பாக வழக்காடினர் என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம். பரதேசிக்கும் சுதேசிக்கும் சட்டம் ஒன்று என்று வாசித்து முடித்து, அவரவர் இடத்திற் சென்று அமர்ந்தனர்.

1927 ஆம் ஆண்டில் மஹத் நகரில் அம்பேத்கர் மனுநூலைக் கொளுத்தினார். அது செய்யத்தக்கதே; மனிதனை வாசிக்கவே விடாத நூலோடு வாதாடுவது எங்ஙனம்? ஆனால் தீயிட வேண்டாத நூலை வைத்திருக்கின்றோம் என்பதனால் ஒருவர்க்கும் தப்பில்லை. மலாயாத் தமிழராகிய நாம், எம் மறை திருக்குறள் என்று கூறிப் பெருமைப்படுகின்றோம். பிறப்பினால் வேற்றுமையில்லை என்னும் கருத்துடைய குறளைச் சங்க மண்டபத்துச் சுவரில் எழுதி வைக்கின்றோம். 1929 ஆம் ஆண்டில் ஈ.வெ.ரா. இந்நாட்டிற்கு வந்து பேசியதற்குப் பின்னும், இரப்பர்த் தோட்டத்து லயங்களில் சாதிக்கொரு வரிசை இருந்ததை முதியோர் அறிவர். தோட்டங்கள் அழிந்தன, லயங்களும் போயின. இவ்வட்டாரத்தில், பெயர் கூற வேண்டாத ஒரு கோயிலில், திருவிழா உபயம் இன்னும் நாளுக்கொரு சாதியாரது என்றே நடைபெறுகின்றது. அழைப்பிதழில் சாதிப்பெயர் இராது. ஊர்ப்பெயரோ குடும்பப்பெயரோ இருக்கும். தெரிந்தவர்க்குத் தெரியும். அதனைச் சுட்டிக்காட்டிய ஓர் இளைஞரிடம், நமக்குள் சாதியே கிடையாது, குறளே அவ்வாறு கூறுகின்றதே, என்று நிர்வாகத்தார் விடையளித்ததை நாம் அருகிருந்து கேட்டோம். நீதி கூறும் நூல் அன்று அவ்விளைஞர் வாயை அடைப்பதற்கே பயன்பட்டது. அவர் மறுமொழி கூறாது எழுந்து போனார். நாமும் அப்பொழுது ஒன்றும் கூறவில்லை. காப்பி வந்தது, குடித்தோம். அதனை இங்கு எழுதுவதற்கு நாணுகின்றோம்.

கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு வானூர்திப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. மலையாளக் கரை யூதருட் பெரும்பாலோர் 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பரதேசி ஆலயத்தில் உள்ளூரிலிருந்து பதின்மர் சேர்வதற்கு இன்று ஆளில்லை. செல்வோர் சீட்டு வாங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம். குலம் யாதென்று கேட்பாரில்லை. நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள் பதித்த தரை உண்டு. ஓடு ஒவ்வொன்றிலும் ஓவியம் கையால் எழுதப்பட்டது. அவற்றைக் காண விரைவோர் கடந்து செல்லும் முன்மண்டபத்திலேதான் சேலம் அவர்களின் முன்னோர் அமர்ந்திருந்தனர்.